ளி-யா, லி-யா?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். புத்தகம் இருக்கும் பக்கமே திரும்புவதில்லை, எந்நேரமும் செல்போன்தான். அந்த வயதுப் பிள்ளைகள் சலிப்பில்லாமல் பார்க்கவும் அறிவை வளர்க்கவும் உதவும் காணொளிகளையும், சில புத்தகங்களையும் பரிந்துரைப்பீர்களா?

பதில்: முதலில் உங்களுக்கு ஒரு நன்றி, 'காணொளி' என்று எழுதியதற்காக. எங்கள் அலுவலகத்தில் இதை வைத்துப் பல வருடமாகச் சண்டை. மெய்ப்புப் பார்க்கும் நண்பர் 'காணொலி' கட்சி. படத்தோடு சத்தமும் வருகிறதே என்பது அவர் வாதம். ஒலியை எப்படி ஐயா காண்பது என்றால், ஒளியை மட்டும் யார் கண்டார், ஒளியால்தானே மற்றதைக் காண்கிறோம் என்று மடக்குவார். லேஅவுட் செய்பவர் 'விழியம்' என்பார். இன்னொருவருக்கு 'நிகழ்படம்' என்று எழுதினால்தான் தூக்கம் வரும். குழுவிலேயே இளையவர் 'வீடியோ' என்று சொல்லிவிட்டுப் பார்க்கவே ஆரம்பித்துவிடுவார்.

இந்த வழக்கில் என் சாட்சி விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளையவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825-ல் தொடங்கின. அங்கே அவர் மெழுகுவர்த்தி என்ற ஒரே பொருளை வைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவுகளை ஓட்டினார். 1782-ல் மூழ்கிய ராயல் ஜார்ஜ் போர்க்கப்பலிலிருந்து எடுத்த மெழுகுவர்த்தி ஒன்றையும் காட்டினார். உப்புநீரில் நெடுங்காலம் கிடந்து விரிசல் விட்டிருந்தும், பற்றவைத்தால் ஒழுங்காக எரியுமாம். காண் ஒளி! இதில் ஒலி எங்கே வந்தது? (ஃபாரடே பேசினாரே என்று நண்பர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார். பேசினார்தான்.)

உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள்: மெழுகுவர்த்தியில் எரிவது எது? திரி என்பான். பள்ளிப் படிப்பை முடித்துப் பல காலம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எரிவது மெழுகின் ஆவி. சுடரை ஊதி அணைத்த கையோடு, மேலே எழும் வெண்புகையில் எரியும் தீக்குச்சியை நீட்டினால், திரியைத் தொடாமலேயே தீ புகை வழியாக இறங்கி மறுபடி பற்றிக்கொள்ளும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது செய்து பார்க்கட்டும்.

'சலிப்பில்லாமல்' என்று கேட்டிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. யூடியூபில் வெரிடாசியம் என்ற அறிவியல் சேனலைத் தொடங்கிய டெரெக் முல்லர், அதற்கு முன்பு 2008-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியதே இயற்பியல் வீடியோக்களை ஆராய்ந்துதான். தெளிவாக, நேராக விளக்கிய வீடியோவைப் பார்த்த மாணவர்கள் நன்றாகப் புரிந்தது என்றார்கள். பரீட்சை வைத்தால் பழைய மதிப்பெண்ணிலிருந்து பெரிதாக நகரவில்லை. இன்னொரு வீடியோவில் ஒருவர் தப்பான கருத்தைச் சொல்வார், மற்றவர் அதோடு மல்லுக்கட்டுவார். இதைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருக்கிறது என்றார்கள். மதிப்பெண் ஏறியதோ இவர்களுக்கு. ஆக, வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போகிற வீடியோவைப் பார்த்து அவன் தலையாட்டினால் சந்தேகப்படுங்கள். முகத்தைச் சுளித்து, பின்னால் தள்ளி மறுபடி பார்த்தால் தொந்தரவு செய்யாதீர்கள்.

அந்த வெரிடாசியத்தையே பார்க்கலாம். கணக்கில் ஆசை இருந்தால் த்ரீ ப்ளூ ஒன் பிரவுன். குர்ஸ்கெசாக்ட் என்று, வாயில் நுழையாத பெயரில் ஒரு ஜெர்மன் சேனல். 2019-ல் தங்கள் பழைய வீடியோக்கள் இரண்டைத் தாங்களே நீக்கிவிட்டு, ஏன் நீக்கினோம் என்று தனியாக ஒரு வீடியோ போட்டார்கள். பத்திரிகைக்காரனான எனக்குப் பொறாமை. எங்கள் 'திருத்தம்' எந்தப் பக்கத்தின் எந்த மூலையில், எத்தனை சிறிய எழுத்தில் வரும் என்பது நீண்டநாள் வாசகர்களுக்குத் தெரியும்.

புத்தகத்துக்கு வருவோம். ஃபாரடே 14 வயதில் பைண்டிங் வேலை பழகப் போனவர். கைக்கு வந்த புத்தகங்களைத் தைத்தார், தைத்ததைப் படித்தார். அப்போது படித்தவற்றில் ஒன்று ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் நூல். ஓர் ஆசிரியை, எமிலி, கரோலின் என்று இரண்டு மாணவிகள், முழுக்க உரையாடல். அதில் சொன்னதைத் தன்னால் முடிந்த சின்னச் சின்னச் சோதனைகளாகச் செய்து பார்த்துத்தான் நம்பினார். ஃபாரடேயை வேதியியலுக்கு இழுத்ததே கேள்வியும் பதிலும்தான். இந்தப் பக்கத்தை இனிமேலாவது இளக்காரமாகப் பார்க்காதீர்கள்.

பதின்வயதினருக்காக என்று போட்டு வரும் புத்தகங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. பாதிப் புத்தகங்களில் கதைக்குப் பின்னால் ஒரு மாமா ஒளிந்துகொண்டு அறிவுரை சொல்வார். அந்த வயதினரே எழுதியதைக் கொடுங்கள். ஆன் ஃபிராங்க் நாட்குறிப்பு தொடங்கியது 13 வயதில். மேரி ஷெல்லி 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுத உட்கார்ந்தது 18-ல். எஸ்.ஈ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' 1967-ல் வெளிவந்தபோது அவருக்கும் 18தான்.

கொடுங்கள் என்றேனா? வேண்டாம், கொடுத்தால் தொடமாட்டான். நீங்கள் படித்துவிட்டு அவன் காதுபடக் கதையைத் தப்பாகச் சொல்லுங்கள். ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தின் பெயர் என்று அடித்துச் சாதியுங்கள். பெற்றவர்களின் தப்பைப் பிடிக்கும் சுகத்துக்காகவாவது புத்தகத்தைப் புரட்டுவான். தப்பைப் பிடிக்கும் சுகம் எங்கள் மெய்ப்பு நண்பருக்கும் உண்டு. இந்தப் பதிலில் நான் எழுதியதற்கு மேல் எங்கேனும் 'காணொலி' இருந்தால், அது அவர் கைவரிசை.