சம்மதித்த பையனின் பெயர் என்ன?

கேள்வி: எங்களுக்கு இரண்டு மகன்கள். பெரியவனுக்கு 27, சின்னவனுக்கு 21. சாப்பாட்டில் உட்கார்ந்தாலே சண்டை. நாடு சிதறாமல் காப்பது ராணுவம்தான் என்கிறான் பெரியவன். இது மக்களின் தற்காப்புப் போர், நானும் போராளிகளோடு சேரக் காட்டுக்குப் போகிறேன் என்கிறான் சின்னவன். போன வருஷம் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் பெரியவன் பெயர் விழுந்தது. ஆண்டவன் புண்ணியத்தில் அவனுக்குப் பதில் போக பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் சம்மதித்தான், பணச் செலவோடு போயிற்று. இப்போது யார் சொல்வது உண்மை? இவர்களை எப்படி அடக்குவது?
- மியான்மரின் மோன் மாநிலத்திலிருந்து ஒரு தகப்பன்

பதில்: தம்பி, சாப்பாட்டுச் சண்டை இல்லாத வீட்டிலிருந்து எனக்குக் கடிதம் வந்தே வருஷக்கணக்காகிறது. அதை விடுங்கள். நான் நின்றுபோன இடம் வேறு. "பையன் ஒருவன் சம்மதித்தான்." கடிதம் முழுக்கப் பெரிய எழுத்து. அந்த வரி மட்டும் நெருக்கி, பொடி எழுத்தில் இருக்கிறது.

உங்கள் பிள்ளைகளின் வயதை எழுதினீர்கள். அவன் வயது என்ன? அவனைப் பெற்றவள் இருக்கிறாளா? 2010இல் எழுதிவைத்த கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தை 2024 பிப்ரவரி 10 அன்று எடுத்து அமலாக்கினார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35, பெண்களுக்கு 18 முதல் 27. இரண்டு வருஷம், அவசரநிலை என்றால் ஐந்து வருஷம்வரை. நாட்டைக் காப்பது எல்லோருக்கும் கடமை என்றார்கள். காசு உள்ள வீட்டுப் பிள்ளை தப்பித்தான், கடன் உள்ள வீட்டுப் பிள்ளை போனான். அவன் சம்மதித்தானா, அவன் வீட்டுக் கடன் சம்மதித்ததா?

யார் சொல்வது உண்மை என்கிறீர்கள். 2021 பிப்ரவரி 1 அன்று ஆட்சியைப் பிடித்தபோது, வாக்காளர் பட்டியலில் மோசடி, அரசியல் சட்டம் 417ஆம் பிரிவுப்படிதான் செய்கிறோம் என்றது ராணுவம். மோசடிக்கு ஆதாரமில்லை என்று தேர்தல் ஆணையம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. தொடங்கியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரியவனிடம் இதைச் சொல்லுங்கள். அதே வருஷம் செப்டம்பர் 7 அன்று, ராணுவத்தை எதிர்த்து அமைந்த தேசிய ஒற்றுமை அரசாங்கம் தற்காப்புப் போர் அறிவித்தது. அதில் நியாயம் உண்டு. ஆனால் அதே தற்காப்பின் பேரில்தான் வார்டு தலைவர்களைத் தலான், அதாவது ராணுவத்துக்கு உளவு சொல்பவன், என்று சொல்லிச் சுட்டுப் போட்டார்கள். தலான்தானா என்று யார் விசாரித்தது? சின்னவனிடம் இதைக் கேளுங்கள்.

2023 ஏப்ரல் 11. சித்திரை பிறக்க மூன்று நாள். சகாயிங் பிராந்தியத்தின் பஸிஜி கிராமத்தில் கூடியிருந்த ஜனங்கள்மேல் ராணுவம் விமானத்திலிருந்து குண்டு போட்டது. 160 பேருக்கு மேல் செத்தார்கள், குழந்தைகள் உட்பட. அங்கே பயங்கரவாதிகள் அலுவலகம் திறந்தார்கள், அதனால் அடித்தோம் என்றது ராணுவம். 2017இல் ரக்கைன் மாநிலத்திலிருந்து 7 லட்சம் ரோகிங்கியாக்களுக்கு மேல் வங்கதேசத்துக்கு ஓடினார்களே, அவர்களைத் துரத்தியதற்கு ராணுவம் வைத்த பெயர் துப்புரவு நடவடிக்கை. இந்த அறிக்கைகளில் 'கொன்றோம்' இருக்காது, செத்தவன் பெயர் இருக்காது, வேறு வழியில்லை என்பது மட்டும் தவறாமல் இருக்கும். உங்கள் வரியிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆண்டவனையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

கோபப்படுங்கள், பரவாயில்லை. பெற்ற பிள்ளையைக் காப்பாற்றத் துடித்ததை நான் குற்றம் சொல்லவில்லை. இன்னொருத்தி பிள்ளையை அனுப்பிவிட்டு அவனை மறந்ததைத்தான் சொல்கிறேன். ராணுவம் நாட்டைக் காக்கிறது என்று சோற்றைப் பிசைந்துகொண்டே பேசுகிற பெரியவன், காக்க வா என்று கூப்பிட்டபோது வீட்டில்தானே இருந்தான்? சின்னவனுக்கும் அண்ணனுக்குப் பதில் யார் போனது என்று தெரியும். ஒன்றாகச் சின்லோன் பிரம்புப் பந்து உதைத்து வளர்ந்திருப்பார்கள். சின்னவன் காட்டுக்குப் போனால் எதிரில் துப்பாக்கியோடு நிற்கப்போவது யார் என்று யோசித்தீர்களா?

பணம் கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் பாரத்தைச் சுமக்கப் போனவன் வீடு நம் வீடுதான். அவன் திரும்பும்வரை அந்த அடுப்பு எரிவது உங்கள் பொறுப்பு.

இந்த ஞாயிற்றுக்கிழமை மகன்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அங்கே போங்கள். அரிசி மூட்டையைப் பெரியவன் தூக்கட்டும். மழைக்கு முன் கூரை மாற்ற வேண்டுமா என்று சின்னவன் ஏறிப் பார்க்கட்டும். பையன் எந்த முகாமில் இருக்கிறான், கடைசியாக எப்போது போன் வந்தது என்று நீங்கள் கேளுங்கள். அந்த அம்மா திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தினால் வாசலில் நில்லுங்கள், அடுத்த வாரம் மறுபடி போங்கள்.

அப்புறம் எனக்கு எழுதுங்கள். அவன் பெயரையும் எழுதுங்கள், அச்சில் போட மாட்டேன்.