அரசும் அதிகாரமும் இல்லாமலே மனிதர்கள் சேர்ந்து வாழலாம் என்கிற கொள்கைதான் அனார்க்கிசம். அதை ஒரு சமூகவியலாளர் ஆயுள் முழுக்க ஆராய அதில் என்ன இருக்கிறது?

தமிழில் அதை 'அராஜகம்' என்பார்கள், அந்தச் சொல்லைக் கேட்டாலே அடிதடி, அட்டூழியம்தான் நினைவுக்கு வரும். அதனால் கேட்பதில் தப்பில்லை, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் ரொனால்ட் க்ரேக் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர்.

மொன்பெலியே நகரின் பால் வலேரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். ஆராய்ந்தது பெரும்பாலும் அமெரிக்க அனார்க்கிஸ்டுகளை. 1981இல் வெளிவந்த அவருடைய வரலாற்று நூல் 1826இல் தொடங்கி 1886இல் முடிகிறது. 1886 என்பது சிகாகோ ஹேமார்க்கெட்டில் தொழிலாளர் கூட்டத்தில் குண்டு வெடித்து, பழி அனார்க்கிஸ்டுகள் மீது விழுந்த ஆண்டு. பலருக்கும் அனார்க்கிசம் என்றால் அந்தக் குண்டுதான் நினைவுக்கு வரும். க்ரேக்கோ அதற்கு முந்தைய அறுபது ஆண்டுகளை எடுத்துக்கொண்டார். அந்த ஒரு முடிவுக்காகவே அவர் மீது எனக்குப் பெரிய மரியாதை.

அந்த அறுபது ஆண்டுகளில் வருகிற அமெரிக்க அனார்க்கிஸ்ட்தான் ஜோசையா வாரன். 1827இல் சின்சினாட்டியில் ஒரு கடை திறந்தார். சரக்குக்கு அடக்க விலை, அதற்கு மேல் கடைச் செலவுக்கென்று சிறு தொகை, அவ்வளவுதான். லாபம் கிடையாது. அப்புறம் கடைக்காரரின் உழைப்புக்கு என்ன கூலி? சுவரில் ஒரு கடிகாரம். உங்களுக்குச் சரக்கு எடுத்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆனதோ, அவ்வளவு நேரம் உங்கள் தொழிலில் அவருக்கு உழைத்துத் தருவதாகச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். நான் மளிகைக் கடையில் வளர்ந்தவன். அப்பாவின் நேரத்தை யாரும் கணக்கில் வைத்ததில்லை. அதனால் அந்தக் கடிகாரம் எனக்குள் ஆழமாகப் பதிந்துவிட்டது.

கடை மூன்று ஆண்டுதான் நடந்தது. நஷ்டத்தால் அல்ல, இந்த முறை செல்லும் என்று நிரூபித்தாகிவிட்டது என வாரனே மூடினார். பிறகு 1851இல் அவரும் கூட்டாளிகளும் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் 'மாடர்ன் டைம்ஸ்' என்ற ஊரை உருவாக்கினார்கள். அங்கே போலீசும் இல்லை, சிறையும் இல்லை. 1864இல் பிரென்ட்வுட் என்று பெயர் மாறியது, இன்றும் அதே பெயர்தான்.

இப்படிப்பட்ட குடியிருப்புகளைப் பற்றி 1983இல் க்ரேக் எழுதிய நூலின் தலைப்பில் அவற்றை 'ஆய்வுக்கூடங்கள்' என்கிறார். எனக்குப் பிடித்த சொல் அது. ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை முடிந்துவிட்டால் அதைத் தோல்வி என்று யாரும் சொல்வதில்லையே! பிரெஞ்சு தெரிந்தால், இன்றைய குடியிருப்புகள் வரை பேசும் அவருடைய 2009ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குங்கள்.