"உங்க ஊர் வைரஸ்" என்கிறார்களே, அக்கா?

இந்த மாதம் இரண்டு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டுமே கொரோனா பற்றியவை. முப்பது வருடத்துக்கு மேல் தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் பரிசோதனைக் கூடங்களில் வேலை பார்த்து, 2022இல் ஓய்வு பெற்றவள் நான். அந்த இரண்டு வருடமும் தினம் ஸ்வாப் குழாய்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

*அக்கா, 2021 டிசம்பரில் லண்டனில் என் மகனுக்குக் கல்யாணம். டிக்கெட், பட்டுப்புடவை எல்லாம் தயார். நவம்பர் கடைசியில் ஓமிக்ரான் என்ற புது வகைக் கொரோனா என்று சொல்லி விமானங்களை நிறுத்திவிட்டார்கள். போனில்தான் தாலி கட்டுவதைப் பார்த்தோம். சென்னை உறவினர்கள் இன்றும் "உங்க ஊர் வைரஸ்" என்கிறார்கள். அது இங்கேதான் பிறந்தது என்று எப்படித் தெரியும்? நம் விஞ்ஞானிகள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று வீட்டில் இன்னும் பேச்சு.*
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

அம்மா, அந்தக் கல்யாண நாளை யாராலும் திருப்பித் தர முடியாது. அதற்கு என் மனம் வருந்துகிறது. ஆனால் "இங்கே பிறந்தது" என்று எந்த ஆய்வகமும் சொல்லவில்லை. இங்கேயும் பக்கத்து போட்ஸ்வானாவிலும் கண்டுபிடித்தார்கள், அவ்வளவுதான்.

கண்டுபிடித்தது வைரஸின் மரபணு எழுத்துகளை வரிசையாக வாசித்துப் பார்த்து. அந்த வரிசையாக்கம் என்றால் என்ன என்பதை நம் பெயர்களை வைத்தே சொல்லலாம். சென்னையில் நாயுடு என்று ஆங்கிலத்தில் எழுதினால் கடைசியில் ஒரு 'யு'. டர்பனில் இரண்டு 'ஓ'. கவுண்டர் இங்கே கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். 1860இல் தொடங்கிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர்களின் பெயரை, எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். அந்த எழுத்து பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று இறங்கி வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் பெரியப்பா பிள்ளைகளின் பெயரில் ஓர் எழுத்து கூடுதல், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது விழுந்த பிழை. இன்று யாராவது அந்த இரண்டு பிழையோடும் வந்து நின்றால், ஊர் பேர் கேட்காமலே பெரியப்பா வழி என்று சொல்லிவிடுவேன்.

வைரஸும் இப்படித்தான். கொரோனாவின் ஆர்.என்.ஏ., அதாவது அதன் மரபுச் செய்தி, சுமார் 29,900 எழுத்துகள் உள்ள ஒரு நீளமான வாசகம். நம் செல்லுக்குள் புகுந்து பிரதி எடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறிப்போகும். ஒரு கிளையில் மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாற்றம் நிலைத்துவிடும். அப்புறம் அந்தக் கிளையில் வருபவை எல்லாம் அந்தப் பிழையைச் சுமந்துகொண்டே வரும். 2020 ஜனவரியில் சீனாவிலிருந்து வெளியான முதல் வரிசை மூலப்பிரதி மாதிரி. நோயாளியின் மூக்கிலிருந்து எடுத்ததைச் சின்னச் சின்னத் துண்டாகப் பெருக்கி, கருவியில் வாசித்து, கணினியில் அந்த மூலப்பிரதியோடு ஒட்டிப் பார்ப்பார்கள். எங்கெங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று தெரிந்தால், யார் யாருக்குப் பங்காளி என்று வம்சாவளி போட்டுவிடலாம்.

எல்லா ஸ்வாப்பையும் இப்படி வாசிக்க முடியாது. வைரஸ் நிறைய இருக்கும் மாதிரியாகத் தேடி எடுக்க வேண்டும், குளிர் குறையாமல் கொண்டுபோக வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தில் சாலைகள் அடைபட்டபோது நாங்கள் எடுத்து வைத்த பெட்டி நாலு நாள் அப்படியே கிடந்தது. அதில் பாதி வீணாகிவிட்டது. அந்தப் பெட்டியை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரியும்.

சரி, ஓமிக்ரானுக்கு வருவோம். நாங்கள் பயன்படுத்திய ஒரு வகை பி.சி.ஆர். பரிசோதனை வைரஸின் மூன்று இடங்களைத் தேடும். 2021 நவம்பரில் கௌட்டெங் மாகாணத்து ஆய்வகங்களில் திடீரென்று இரண்டு இடம் மட்டும் தெரிந்தது. வைரஸின் மேலே முள்போல் நிற்கும் ஸ்பைக் புரதத்துக்கான இடம் தெரியவே இல்லை. அப்போது எங்கும் டெல்டா என்ற முந்தைய வகைதான், டெல்டாவில் அது தெரியும். தெரியாமல் போனால் உள்ளே இருப்பது வேறு ஏதோ ஒன்று. உடனே வரிசை எடுத்துப் பார்த்தார்கள். ஸ்பைக்கில் மட்டும் முப்பதுக்கு மேல் மாற்றங்கள். நவம்பர் 24 அன்று உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொன்னார்கள், 25 அன்று விஞ்ஞானி டூலியோ டி ஒலிவேரா குழுவினர் நாட்டுக்குச் சொன்னார்கள், 26 அன்று ஓமிக்ரான் என்று பெயர் விழுந்தது. அதற்குள் பல நாடுகள் கதவைச் சாத்திவிட்டன.

சென்னை உறவினர்களுக்கு இதைச் சொல்லுங்கள். நவம்பர் 19, 23 தேதிகளில் நெதர்லாந்தில் எடுத்த மாதிரிகளிலேயே ஓமிக்ரான் இருந்தது என்று அந்த நாடே நவம்பர் 30 அன்று அறிவித்தது. நாம் வாய் திறப்பதற்கு முன்பே அது அங்கே போய்விட்டது. வம்சாவளியில் பார்த்தால் அது டெல்டாவின் பிள்ளையும் இல்லை. 2020 நடுவிலேயே பிரிந்துபோய், யார் கண்ணிலும் படாமல் வளர்ந்த தனிக்கிளை. வரிசை எடுக்காத இடத்தில் எது வளர்ந்தாலும் தெரியாது. விளக்கு வைத்திருந்த வீட்டில் பாம்பு தெரிந்தது, அதற்காக அந்த வீட்டில்தான் பாம்பு பிறந்தது என்று சொல்லலாமா? ஊர்ப் பெயரை வைத்துக் கூப்பிடுவது அநியாயம் என்றுதான் 2021 மே மாதமே உலக சுகாதார நிறுவனம் கிரேக்க எழுத்துகளுக்கு மாறியது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமா என்றால், கூடவே கூடாது அம்மா. இங்கே டர்பனில் இருக்கும் கிரிஸ்ப் ஆய்வகம் 2020 டிசம்பரில் பீட்டா என்ற இன்னொரு வகையைக் கண்டு சொன்னது. நெல்சன் மண்டேலா பே பகுதியில் அக்டோபரில் எடுத்த மாதிரிகள் அவை. அந்த வரிசை கையில் இருந்ததால்தான், புனேயிலிருந்து 2021 பிப்ரவரி 1 அன்று வந்திறங்கிய பத்து லட்சம் அஸ்ட்ராஜெனெகா ஊசி பீட்டாவால் வரும் லேசான நோயைத் தடுப்பதில் பலவீனமாக இருக்கிறது என்று ஒரே வாரத்தில் தெரிந்து, அதைப் போடாமல் நிறுத்தினார்கள். மாற்றாக வந்த ஜான்சன் ஊசியைத்தான் என்னைப் போன்ற சுகாதாரப் பணியாளர்களுக்கு முதலில் போட்டார்கள். அந்த நாட்களில் என்னோடு வேலை செய்தவர்கள் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், மூடி மறைக்கலாம் என்று எனக்கு எந்தக் காலத்திலும் தோன்றாது.

*மேடம், 2021 ஜனவரியில் என் கணவர் கொரோனாவில் போய்விட்டார். அவர் மருந்து வாங்க மட்டும்தான் வெளியே போனார். மருமகள் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய் வந்தாள். நான் சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனேன். மூன்று பேருக்கும் பாசிட்டிவ். நான்தான் கொண்டுவந்தேனோ என்று தூக்கம் இல்லை. ஜீன் பார்த்தால் யார் யாருக்குக் கொடுத்தது என்று தெரியும் என்கிறார்களே, பழைய மாதிரியை எடுத்துப் பார்க்கச் சொல்லலாமா?*
— டோங்காட்டிலிருந்து ஒருவர்

அக்கா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

ஜீன் பார்த்தால் சில விஷயம் தெரியும். 2020இல் டர்பனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குள் தொற்று பரவியபோது, அங்கே எடுத்த வரிசைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. வெளியிலிருந்து ஒரு தடவை நுழைந்து, உள்ளுக்குள்ளேயே பரவியது என்று அதை வைத்துச் சொல்ல முடிந்தது. அதற்கும் வரிசை மட்டும் போதவில்லை. யார் எந்த வார்டில் எந்தத் தேதியில் இருந்தார் என்ற பதிவேடெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தார்கள்.

வீட்டுக்குள் நிலைமை வேறு. மாதத்துக்கு இரண்டே எழுத்து மாறும் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போக நாலைந்து நாள்தான் ஆகும். அதற்குள் பெரும்பாலும் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. உங்கள் மூன்று பேருடைய வைரஸையும் வாசித்தாலும் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே பிரதியின் மூன்று நகலைக் கையில் கொடுத்து, எது முதலில் எடுத்தது என்று கேட்பது மாதிரி. உங்கள் மூவரில் ஒருவருடையது மட்டும் ஏழெட்டு எழுத்து தள்ளி இருந்தால், அவருக்கு வேறு எங்கிருந்தோ வந்தது என்று சொல்லலாம். யார் கொடுத்தார் என்று மட்டும் சொல்லவே முடியாது. முதலில் இருமியவர்தான் கொண்டுவந்தவர் என்றும் கிடையாது, அறிகுறி தெரிவதற்கு முன்பே பரவும் நோய் இது.

அந்த ஜனவரியில் நம் மாகாணம் முழுக்க பீட்டா. எங்கள் மேசையில் ஒரு நாளைக்கு வந்த குழாய்களை வைக்கத் தாங்கி போதாமல், காலி முட்டை அட்டையில் நிறுத்தி வைத்தோம். மார்க்கெட், பஸ், மருந்துக்கடை வரிசை, எல்லா இடத்திலும் அது இருந்தது.

பழைய மாதிரி பற்றிக் கேட்டீர்கள். வரிசைக்கு அனுப்பாத ஸ்வாப்புகளை நாங்கள் வேலை செய்த இடத்தில் சில வாரத்தில் அழித்துவிடுவோம், இடம் இருக்காது. உங்களுடையதும் அப்படித்தான் போயிருக்கும். இருந்திருந்தாலும் நான் கேட்கச் சொல்லியிருக்க மாட்டேன். மருமகளிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள், அவளுக்கும் இதே கேள்வி உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

கடித உறையில் உங்கள் போன் நம்பர் இருக்கிறது. ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை நான் டோங்காட் வருவேன். முந்தின நாள் கூப்பிடுகிறேன்.