கேள்வி–பதில்: தொலைந்த திறப்பும் மறக்காத கூத்தும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை; வயது 63. வீட்டுத் திறப்பை வைத்த இடம் நாளுக்கொரு தடவையாவது மறந்துபோகிறது. சென்ற கிழமை பேருந்தில் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். முகம் தெரிந்தது, வகுப்பில் எந்த வாங்கில் இருந்தாள் என்பதும் தெரிந்தது, பெயர் மட்டும் வரவில்லை. மறதி நோய் தொடங்குகிறதோ என்று பயமாக இருக்கிறது. அயலவர்கள் வல்லாரை சாப்பிடச் சொல்கிறார்கள்.
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டும் ஒரே வகை மறதியல்ல. திறப்பை வைக்கும்போது உங்கள் கவனம் அடுப்பிலோ, வாசலில் கூப்பிடும் மீன்காரரிடமோ இருந்திருக்கும். ஆகவே அது மனதில் பதியவே இல்லை, பதியாததை மறந்துவிட்டதாகச் சொல்லவும் முடியாது. வைக்கும்போதே 'திறப்பைச் சாமித்தட்டில் வைக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதைவிட எளிது, கதவருகே ஓர் ஆணி அடித்து எப்போதும் அதிலேயே மாட்டுவது. நான் செய்திருப்பது அதுதான்.

பெயர் வேறு சங்கதி. 'இவர் தயிர் விற்பவர்' என்று ஒருவரை அறிமுகம் செய்தால் மண்சட்டியும் எருமையும் மனதில் எழும். 'இவர் சிவராசா' என்றால் எழுவதற்கு ஒன்றுமில்லை. பெயருக்குப் பிடிகொம்பு குறைவாக இருப்பதால்தான் முகமும் வாங்கும் நினைவில் நிற்க, அது மட்டும் நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. வயது ஏற ஏற இது கூடுவதும் வழக்கமே. அந்த நேரத்தில் முட்டி மோதினால் அதைப்போன்ற வேறொரு பெயர் வந்து வழியை மறித்துக்கொள்ளும். விட்டுவிட்டால் பெரும்பாலும் தானாக வரும்.

பழகிய தெருவில் வழி தவறுவது, சற்றுமுன் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, திறப்பு எதற்கென்றே விளங்காமல் நிற்பது ஆகியவை இருந்தால் வைத்தியரைப் பார்க்கத்தான் வேண்டும். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்கமின்மை என்பனவும் மறதியைத் தரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நீரிழிவுக்கு மெற்போமின் நெடுநாள் எடுப்பவர்களுக்குப் பி12 குறையக்கூடும். தடிமனுக்கு எடுக்கும் பழைய வகைக் குளிசைகள் சிலவும் மூப்படைந்தவர்களின் மனதை மந்தமாக்குவதுண்டு என்பதால், எடுக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் வைத்தியரிடம் காட்டுங்கள். வல்லாரை நினைவைப் பெருக்கும் என்பது உறுதியாக நிறுவப்படவில்லை. சம்பலாகச் சாப்பிடுவதற்கு அது ஒரு தடையல்ல.

கேள்வி: உயர்தர வகுப்பில் படிக்கிறேன். வரலாற்றுப் பாடம் ஒன்றை ஐந்து தடவை வாசித்தாலும் பரீட்சை மண்டபத்தில் வருவதில்லை. என் அம்மப்பாவோ, இளவயதில் ஆடிய கூத்தின் பாட்டுகளை இன்றும் பிசகாமல் பாடுகிறார். எப்படி?
– மாணவன், கன்னங்குடா

பதில்: விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, தம்பி. சட்டம் கொடுத்த (அவர் பாட வேண்டிய பகுதியை ஏட்டில் எழுதிக் கொடுத்த) பின்னர் அம்மப்பா ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து தடவை வாசித்திருக்க மாட்டார். அவர் கூத்து ஆடும் களரியில் வெறுங்கையுடன் நின்று பாட வேண்டியிருந்தது. தடக்கிய இடத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஓரடி எடுத்துக் கொடுப்பார், மீதியை அவரே தேடிப் பிடிக்க வேண்டும். பிறகு நாட்கள் கழிந்து, பாதி மறந்திருக்கும் வேளையில், கிழமைதோறும் நடக்கும் ஒத்திகையான கிழமைக் கூத்தில் மறுபடியும் அதே பாட்டு. அப்படியே சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்ற ஒத்திகைப் படிகளூடாக அரங்கேற்றம் வரை அதைத் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து இழுத்தெடுத்திருப்பார். மெட்டும் தாளக்கட்டும் காலின் ஆட்டமும் ஒவ்வோரடிக்கும் பிடிகொம்பாக நின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜேர்மனிய உளவியலாளரான எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து சோதித்து 1885 இல் வெளியிட்ட நூல், கற்றதில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவுவதையும், அதன்பின் நழுவும் வேகம் குறைவதையும் காட்டியது. 2006 இல் அமெரிக்காவில் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் செய்த சோதனை உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு பகுதியை நான்கு வேளையும் வாசித்தவர்கள், ஒரு வேளை வாசித்துவிட்டு மூன்று வேளை நினைவிலிருந்து எழுதியவர்களை ஐந்து நிமிடத்துக்குப் பின் நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு கிழமை சென்றதும் வாசித்தவர்களிடம் ஏறத்தாழ 40 வீதமும் எழுதியவர்களிடம் 61 வீதமும் எஞ்சியிருந்தன. வாசித்து முடித்த கையோடு 'எல்லாம் தெரியும்' என்று தோன்றுவது ஏன் நம்மை ஏமாற்றுகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆகவே பாடத்தை ஒரு தடவை கவனமாக வாசித்துப் புத்தகத்தை மூடி, வெறுந்தாளில் வருவதை எழுதுங்கள். விடுபட்டதை மட்டும் திறந்து பாருங்கள். அடுத்த நாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு கிழமை கழித்தும் இதையே செய்யுங்கள். கற்றது உறைவது தூக்கத்தில் என்பதால் பரீட்சைக்கு முதல்நாள் இரவு விழித்திருக்க வேண்டாம். முதல் தடவை தாளில் பாதிகூட நிரம்பாது. முதல் கிழமைக் கூத்தன்று எத்தனை இடத்தில் அடி எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது என்று அம்மப்பாவிடமே கேட்டுப் பாருங்கள்.