சென்ட்ரிங் பிரிக்கும் நாளை முடிவு செய்வது யார்? – கேள்வி பதில்

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் ஆலைக் கொட்டகை, கிடங்கு, ஜவ்வரிசி ஆலை என்று 22 ஆண்டுகளாகக் கட்டி முடித்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். திட்ட மேலாளர் என்பது பதவியின் பெயர். வேலை நடக்கும் இடத்தில் என்னை "இன்ஜினியரம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில் நடத்துவது பற்றியும் ஆட்களை நடத்துவது பற்றியும் பலர் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): அக்கா, கணவர் இறந்த பிறகு ஒன்றரை ஆண்டாக வெள்ளிக் கொலுசுப் பட்டறையை நான்தான் நடத்துகிறேன். வேலையாட்கள் 14 பேர். நான் சொன்னால் "சரிங்கம்மா" என்கிறார்கள். பிறகு என் கொழுந்தனாரிடம் போய்க் கேட்டுவிட்டுத்தான் செய்கிறார்கள். கத்திப் பார்த்தேன், பயனில்லை.

பதில்: கத்த வேண்டாம் அம்மா. முதலில் கொழுந்தனாரிடம் பேசுங்கள். "யார் வந்து கேட்டாலும் அண்ணியிடமே கேளுங்கள் என்று சொல்லிவிடுங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு முறை அவர் அப்படிச் சொன்னால் ஐந்தாம் முறை யாரும் அவரிடம் போகமாட்டார்கள். சொல்ல மறுத்தால் சிக்கல் பட்டறையில் இல்லை, வீட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது உங்கள் கையில் இருப்பது. ஆத்தூர்ப் பக்கம் ஓர் ஆலையில் 5 மீட்டர் அகலத்துக்குத் தளம் போட்டிருந்தோம். ஒன்பதாம் நாள் காலை நான் போய் இறங்கும்போது மேஸ்திரியின் ஆட்கள் சென்ட்ரிங்கை, அதாவது கான்கிரீட் இறுகும்வரை தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுகளை, தட்டிக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். இயந்திரம் இறக்க முதலாளி நல்ல நாள் பார்த்துவிட்டாராம். "முதலாளியே சொல்லிவிட்டார், நீங்கள் என்னம்மா" என்றார் மேஸ்திரி. என்னைவிட 20 வயது மூத்தவர். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. கான்கிரீட் போட்ட தேதியைப் பக்கத்துச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்திருந்தவரும் அவரேதான். அதைக் காட்டினேன். நாலரை மீட்டருக்கு மேல் அகலமான தளத்துக்கு 14 நாளாவது முட்டு நிற்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை 456. "இந்தத் தேதியோடு பதினான்கைக் கூட்டிச் சொல்லுங்கள் அண்ணா" என்றேன். விரல்விட்டு எண்ணினார். பிறகு அவரே ஆட்கள் பக்கம் திரும்பி, தட்டியதையெல்லாம் மறுபடி இறுக்கச் சொன்னார்.

அன்றைக்கு உத்தரவு போட்டது நானல்ல, கான்கிரீட். மேரி பார்க்கர் ஃபோலெட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1925-இலேயே இதைப் பேசியிருக்கிறார். ஒருவர் இன்னொருவருக்கு உத்தரவு போடுவதைவிட, இருவரும் சேர்ந்து வேலையின் நிலைமை என்ன கேட்கிறது என்று பார்த்து அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. இதைப் படித்தபோது நான் ஏற்கெனவே பத்தாண்டு வேலை பார்த்திருந்தேன். முன்பே தெரிந்திருந்தால் எத்தனையோ சண்டைகள் மிச்சமாகியிருக்கும்.

பட்டறைச் சுவரில் ஒரு பலகை மாட்டுங்கள். எந்த ஆர்டர், எத்தனை கிலோ, யார் கையில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்பதை உங்கள் கையாலேயே எழுதுங்கள். காலையில் வெள்ளியை எடைபோட்டுக் கொடுப்பதையும் மாலையில் எடைபோட்டு வாங்குவதையும் வேறு யாரிடமும் விடாதீர்கள். வெள்ளித் தொழிலில் தராசு யார் கையிலோ, பேச்சும் அவர் பக்கம்தான்.

கேள்வி (பனங்காடு): எங்கள் கொலுசுப் பட்டறையில் தீபாவளி ஆர்டர் ஒவ்வோர் ஆண்டும் தாமதமாகிறது. எல்லோரையும் விரட்டுகிறேன். எங்கே தவறுகிறேன்?

பதில்: எல்லோரையும் விரட்டுவதுதான் தவறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பி இழுக்க 2 நாள், வளையம் கோக்க 4, பற்றவைக்க 3, மெருகேற்ற 2. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது, ஆக 11 நாள். அட்டைப்பெட்டி அச்சடிக்க 5 நாள். அது பக்கத்திலேயே தனியாக நடக்கும். பெட்டி இரண்டு நாள் தாமதமானாலும் ஒன்றும் ஆகாது. பற்றவைப்பவர் ஒரு நாள் வரவில்லை என்றால் மொத்த ஆர்டரும் ஒரு நாள் தள்ளிப்போகும். அந்த 11 நாள் சங்கிலிக்குத்தான் எங்கள் தொழிலில் கிரிட்டிக்கல் பாத் என்று பெயர். அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனத்தில் 1950-களின் இறுதியில் உருவான முறை. சங்கிலியில் இருப்பவர்களிடம் மட்டும் தினமும் போய் நில்லுங்கள். பற்றவைக்க இன்னொருவரை இப்போதே பழக்குங்கள்.

கேள்வி (அஸ்தம்பட்டி, ஆண் வாசகர்): வீட்டை நிர்வகிக்கும் பெண்களுக்குத் தலைமைப் பண்பு பிறவியிலேயே உண்டு என்கிறேன். சரிதானே?

பதில்: நல்ல மனத்தோடு கேட்கிறீர்கள் தம்பி, ஆனாலும் ஒப்புக்கொள்ளமாட்டேன். மதிப்பீடு போடவும், ஒப்பந்தம் படிக்கவும், கறாராகப் பணம் கேட்கவும் நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பயிற்சியும் வேண்டாம், சம்பள உயர்வும் வேண்டாம் என்றாகிவிடுகிறது. கட்டட வேலையில் சித்தாளாக எத்தனை பெண்கள்! கொத்தனாராக எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்? கொத்துக் கரண்டி பிடிக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அதுதான் காரணம்.

கேள்வி (சூரமங்கலம்): கூட்டத்தில் நான் சொன்ன யோசனையை யாரும் கவனிப்பதில்லை. பத்து நிமிடம் கழித்து வேறொருவர் சொன்னால் பாராட்டுகிறார்கள்.

பதில்: முதல் நாளே அரைப் பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். கூட்டக் குறிப்பு எழுதும் வேலையை மட்டும் வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். அது எப்போதும் நம் தலையில்தான் விழுகிறது. எழுதுகிறவர் பேச முடியாது. முறை வைத்து எழுதலாம் என்று கேளுங்கள்.

கேள்வி (ஓமலூர்): நான்கு மாதக் கர்ப்பம். "உங்கள் நன்மைக்காக" என்று சொல்லித் திட்டப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறார்கள்.

பதில்: எனக்கும் இதே வாக்கியத்தைச் சொன்னார்கள். நான் பேசாமல் இருந்துவிட்டேன். இன்றும் அது உறுத்துகிறது. நீங்கள் அப்படி இருக்காதீர்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் மகப்பேறு விடுப்பு உங்கள் உரிமை. அந்த விடுப்பைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். பொறுப்பு மாற்றத்தைப் பற்றி எழுத்தில் கேளுங்கள். கூடவே ஒரு தாளை நீங்களே கொடுங்கள்: விடுப்புக்கு முன் எது முடியும், எதை யார் பார்த்துக்கொள்வார், எந்தத் தேதியில் திரும்புவீர்கள். திட்டமே கையில் இருக்கும்போது மறுக்க அவர்களுக்குக் காரணம் வேண்டும்.

கேள்வி (ஏற்காடு): காபித் தோட்டத்தில் ஒன்பது ஆண்டு பழம் பறித்தேன். இந்த முறை என்னையே மேற்பார்வையாளராகப் போட்டிருக்கிறார்கள். ஆண்களால் தொல்லை இல்லை. என்னோடு பறித்த பெண்கள்தான், "நேற்றுவரை நம்மோடு கூடை சுமந்தவள்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

பதில்: அவர்கள்மேல் வருத்தப்படாதீர்கள். இத்தனை நாளும் மேற்பார்வை என்றால் குறை பிடிப்பது, எடையில் கழிப்பது என்றுதான் பார்த்திருக்கிறார்கள். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். ஒரே கிளையில் பச்சையும் பழமும் சேர்ந்தே இருக்கும். கிலோவுக்குக் கூலி என்றால் கை தானாகவே பச்சையையும் உருவும். அதற்காகத் திட்டாதீர்கள். பழமாகப் பறிப்பவர்களுக்குக் கூடுதலாக ஏதாவது கொடுக்க முடியுமா என்று முதலாளியிடம் முதலில் கேளுங்கள்.

முதல் வாரத்தில் எந்தப் புதிய விதியும் போடாமல், நீங்கள் பறித்த காலத்தில் எது உறுத்தியதோ அதில் ஒன்றை மட்டும் சரிசெய்யுங்கள். எடையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மாலையில் தராசின் முகத்தை அவர்கள் பக்கம் திருப்பி வையுங்கள். சாக்குக்கு எவ்வளவு, மழை ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்பதை முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். நெருங்கிய தோழியின் மூட்டையை முந்தி வைக்காதீர்கள். வரிசையில் வந்தபடி ஒவ்வொன்றாகப் போடுங்கள்.