எச்ஐவியிலிருந்து செய்த மருந்து என் மகளுக்கு எச்ஐவியைத் தருமா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. தலசீமியா மேஜர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். வெளிநாட்டில் மரபணு சிகிச்சை செய்தால் ஒரே தடவையில் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். ஏற்பாடு செய்ய ஐந்து லட்சம் முன்பணம் கேட்கிறார். அந்த மருந்தையே எச்ஐவி கிருமியில்தான் செய்கிறார்களாம், கொழுந்தனார் படித்துவிட்டு வந்து பயமுறுத்துகிறார். குழந்தைக்கு எய்ட்ஸ் வந்துவிடுமா? இவளுக்குக் கீழே நான்கு வயதில் மகன் இருக்கிறான், அவனுக்கு நோய் இல்லை.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வராது அம்மா. கொழுந்தனார் படித்தது பொய்யல்ல, பாதிதான் படித்திருக்கிறார். மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

எச்ஐவி ஒரு செல்லுக்குள் புகுந்தால் தன் மரபணுவை நம் டிஎன்ஏவிலேயே செருகிவிடும். பிறகு நம் செல்லே அதற்கான புரதங்களையும், ஆர்என்ஏ என்னும் மரபணு நகல்களையும் செய்து கொடுக்கும். புது வைரஸ் துகள் கிளம்ப வேண்டுமானால் வைரஸின் முழு ஆர்என்ஏ அதற்குள் ஏற வேண்டும். ஆனால் செல்லுக்குள் இருப்பதில் பெரும்பகுதி நம்முடைய ஆர்என்ஏ, வைரஸினுடையது சொற்பம். அப்படியிருந்தும் பத்தில் ஒன்பது துகள்களுக்கு மேல் சரியான ஆர்என்ஏதான் இருக்கிறது, அதுவும் இரண்டிரண்டு நகலாக. எப்படி? லாரி செட்டில் மூட்டைகள் குவிந்து கிடந்தாலும் சீட்டு ஒட்டிய மூட்டைதானே வண்டியில் ஏறும், அதுபோல வைரஸ் ஆர்என்ஏவின் முன்பகுதியில் ஓர் அடையாளம் இருக்கிறது. அதற்கு 'சை' என்று பெயர். ஏறக்குறைய 9,700 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏவில் இது ஒரு சிறு துண்டு. கொண்டை ஊசிபோல மடங்கி நிற்கும். வைரஸின் கூட்டைக் கட்டும் 'காக்' என்ற புரதத்தின் ஒரு முனை அந்த மடிப்பைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததை நடுவில் வைத்து ஆயிரக்கணக்கான காக் புரதங்கள் சுற்றி அடைத்து, செல்லின் சவ்வைப் போர்த்திக்கொண்டு வெளியே வருவதுதான் ஒரு துகள்.

1983-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் மான், மல்லிகன், பால்டிமோர் என்ற மூவர், எலிகளைத் தாக்கும் ஒரு ரெட்ரோவைரஸில் (எச்ஐவியும் இந்தக் குடும்பம்தான்) இந்தச் 'சை' பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். செல்கள் வழக்கம்போலத் துகள்களைச் செய்தன. ஆனால் வைரஸின் மரபணு அவற்றுக்குள் ஏறவில்லை. இன்றைக்கு நடக்கும் ரெட்ரோவைரஸ் மரபணு சிகிச்சை அத்தனைக்கும் இதுதான் அடிப்படை. வைரஸ் செய்யத் தேவையான மரபணுக்களைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, ஒன்றிலும் 'சை' இல்லாமல் ஆய்வகச் செல்லுக்குள் விடுகிறார்கள். உங்கள் மகளிடம் பழுதாகியிருப்பது ரத்தச் சிவப்பணுவுக்குத் தேவையான பீட்டா குளோபின் மரபணு; அதன் நல்ல நகலில் மட்டும் 'சை'யைச் சேர்க்கிறார்கள். துகளுக்குள் ஏறுவது குளோபின் மரபணு. எச்ஐவியைப் பெருக்கும் மரபணுக்கள் ஆய்வகத்திலேயே நின்றுவிடுகின்றன. எச்ஐவியின் மேலுறைப் புரதம்கூட அதில் கிடையாது, மாட்டுக்கு வரும் வேறொரு வைரஸின் உறையைப் போர்த்தியிருப்பார்கள். எப்போதாவது 'சை' இல்லாத ஆர்என்ஏ தவறி ஏறுவது உண்டு. அதற்காகத்தான் இத்தனை துண்டாகப் பிரிப்பதும், பெருகக்கூடிய வைரஸ் உருவாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு தொகுதியையும் சோதிப்பதும்.

இன்னொன்று, இந்தத் துகளைக் குழந்தைக்கு ஊசியாகப் போடுவதில்லை. அவளுடைய ரத்த மூலச் செல்களை வெளியே எடுத்து, அவற்றுக்குள் மரபணுவைச் செலுத்தி, கழுவி, சோதித்துத்தான் திரும்ப ஏற்றுவார்கள்.

இனி உங்கள் மருத்துவரே சொல்ல மறந்துவிடக்கூடிய ஒரு விஷயம். இதை விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த சிகிச்சை பெற்ற குழந்தைக்கு எச்ஐவி இருக்காது. ஆனால் ஒருவகை எச்ஐவி சோதனை 'பாசிட்டிவ்' என்று காட்டிவிடலாம். 'சை' என்பது வைரஸின் காக் மரபணுவின் தொடக்கத்துக்குள்ளும் கொஞ்சம் நீள்கிறது. துகளுக்குள் ஏற்ற வேண்டுமே என்று அந்தச் சிறு பகுதியையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். அதுவும் குளோபின் மரபணுவோடு குழந்தையின் ரத்தச் செல்களில் நிரந்தரமாக இருக்கும். மரபணுவைத் தேடும் பிசிஆர் வகைச் சோதனை அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு 'எச்ஐவி இருக்கிறது' என்று சொல்லிவிடும். சாதாரணமாகச் செய்யும் எலைசா சோதனை அப்படிச் சொல்லாது, ஏனென்றால் வைரஸின் புரதம் எதுவும் உடலில் உருவாவதில்லை. அதனால் சிகிச்சை பெற்றவர்கள் அதற்கான அட்டையை வாழ்நாள் முழுக்கக் கையில் வைத்திருக்க வேண்டும். ரத்ததானம், உறுப்புதானம் செய்யக் கூடாது. பத்து வருடம் கழித்து வேறு ஊரில் ஒரு அறுவை சிகிச்சைக்குப் போகும்போது, யாரோ ஒருவர் பிசிஆர் அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டு உங்கள் மகளை எச்ஐவி நோயாளி என்று எழுதிவிட்டால், அந்தப் பெண்ணின் நிலையை யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் அப்படி ஒரு முறை எழுதியதை அழிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அப்படியானால் பயப்பட வேண்டியது எதற்கு? புதுச் செல்களுக்கு இடம் பண்ண 'பியூசல்ஃபான்' என்ற கடுமையான கீமோ மருந்து கொடுப்பார்கள். பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கலாம். அடுத்தது புற்றுநோய். செருகப்படும் மரபணு தவறான இடத்தில் போய் உட்கார்ந்தால் பக்கத்து மரபணுவை முடுக்கிவிடக்கூடும். மூளையைத் தாக்கும் அட்ரினோலூகோடிஸ்ட்ரஃபி நோய்க்கான 'ஸ்கைசோனா' பெற்ற 67 சிறுவர்களில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததாக 2024-ல் வெளியானது. தலசீமியாவுக்கான 'சிண்டெக்லோ'வில் மரபணுவை இயக்கும் பகுதி வேறு வகை. அதன் ஆய்வுகளில் 36 பேரில் 32 பேர் ரத்தம் ஏற்றுவதையே நிறுத்த முடிந்தது. 2022-ல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தபோது விலை 28 லட்சம் டாலர், நம் பணத்தில் இருபது கோடிக்கு மேல். ஐரோப்பாவில் விலை படியாமல் நிறுவனமே அதை விலக்கிக்கொண்டது.

இந்த இருபது கோடியை மனதில் வைத்துக்கொண்டு, ஐந்து லட்சம் கேட்பவரிடம் பேசுங்கள். அவர் எதை விற்கிறார்? பெரும்பாலும் 'ஸ்டெம் செல்' என்ற பெயரில் ஏதோ ஒரு ஊசியாக இருக்கும். இல்லையென்றால், 'ஆராய்ச்சியில் சேர்த்துவிடுகிறேன்' என்பார். முறையான ஆராய்ச்சியில் சேருபவரிடம் ஆராய்ச்சி மருந்துக்குப் பணம் வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நெறிமுறை. இந்தியாவில் நடக்கும் ஒவ்வொரு மருத்துவப் பரிசோதனைக்கும் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டின் எண் இருக்க வேண்டும், 2009-லிருந்தே இது கட்டாயம். அந்த எண்ணைக் கேளுங்கள். அந்தப் பதிவேடு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் இருக்கும் பெற்றோர் அதை எப்படிப் படிப்பார்கள் என்று இத்தனை வருடத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. புரோக்கர்கள் வாழ்வது அந்த இடைவெளியில்தான்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் இதே முறையில் (எச்ஐவி வகை வைரஸ்களுக்கு லென்டிவைரஸ் என்று பெயர்) ஐந்து பேருக்குச் செய்த சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. அது ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோய்க்கு. அந்தச் செய்தியைக் காட்டி 'தலசீமியாவுக்கும் வந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தனியார் தொப்புள்கொடி வங்கியும் இந்த வகைதான். குழந்தையின் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே பழுதான மரபணுதான் இருக்கும், அது அவளுக்கு எந்த உதவியும் செய்யாது.

எச்ஐவிக்குத்தான் பயம் என்றால், அந்தப் பயத்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொங்கும் ரத்தப் பையின் பக்கம் திருப்புங்கள். 2011-ல் குஜராத்தின் ஜூனாகத்தில் 23 தலசீமியா குழந்தைகளுக்கு ஏற்றிய ரத்தத்தின் வழியே எச்ஐவி தொற்றியது தெரியவந்தது. 2018-ல் நம் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கும் அப்படித்தான் தொற்றியது. தொற்றைச் சீக்கிரமே கண்டுபிடிக்கும் 'நாட்' சோதனை இன்னும் எல்லா ரத்த வங்கிக்கும் கட்டாயமாக்கப்படவில்லை. வருடத்துக்குப் பதினேழு தடவை ரத்தம் ஏற்றும் குழந்தைகள் இருக்கும் நாட்டில் இதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? அடுத்த முறை போகும்போது 'இந்தப் பை நாட் சோதனை செய்ததா?' என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கடைசியாக உங்கள் மகன். கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் முதலில் பார்த்தது அந்த வரியைத்தான். அவனுக்கு எச்எல்ஏ பொருத்தம், அதாவது மஜ்ஜை தானத்துக்கான திசுப் பொருத்தம், பார்த்தீர்களா? உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அவன் தலசீமியா மரபணுவைச் சுமப்பவனாக மட்டும் இருந்தாலும் தானம் தரலாம். பொருந்தினால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையே நோயைக் குணமாக்கிவிடும். வேலூரில் 1986-லிருந்து செய்கிறார்கள். கீமோவின் தொல்லை இதிலும் உண்டு, ஆனால் பல்லாயிரம் குழந்தைகளிடம் பார்த்த அனுபவம் இருக்கிறது. கோல் இந்தியா நிறுவனத்தின் தலசீமியா பால சேவா திட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. வருமான வரம்பு உண்டு. மருத்துவமனை வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், இடையில் யாரும் தேவையில்லை.

ஏற்றும் ரத்தத்தால் உடலில் இரும்புச்சத்து சேரச் சேர மாற்று சிகிச்சையின் பலன் குறையும். ஆகவே இரும்பை வெளியேற்றும் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். மகளின் கடைசி மூன்று ஃபெரிட்டின் (இரும்பு அளவு) அறிக்கைகளை எடுத்துக்கொண்டு, இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, மஜ்ஜை மாற்று செய்யும் ரத்தநோய்ப் பிரிவுக்கு இந்த மாதமே போய்விடுங்கள்.