வியர்க்கும் கையும் குரோம் முலாமும்

அன்புள்ள அண்ணனுக்கு,

உலோகங்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். ஹூஸ்டனில் இருக்கிறேன். மூன்று வருடமாக யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கத் துப்பாக்கி சுடும் சங்கத்தின் போட்டிகளில், 1911 ரகப் பிஸ்டல்களுக்கான சிங்கிள் ஸ்டாக் பிரிவில் சுடுகிறேன். இப்போது துப்பாக்கி செய்யும் ஒரு கன்ஸ்மித்திடம் சொல்லி அந்த 1911 மாடலில் பிஸ்டல் ஒன்று செய்கிறேன். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு, கைப்பிடியோடு சேர்ந்த ஃப்ரேம் இரண்டும் கார்பன் ஸ்டீல். மேலே என்ன ஃபினிஷ் வேண்டும் என்று கேட்கிறார். ப்ளூயிங்கின் அந்தக் கருநீலம் எனக்கு உயிர். ஆனால் கை ரொம்ப வியர்க்கும். நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்: ஹார்ட் குரோம், செராகோட், டிஎல்சி எனும் வைரம் போன்ற கார்பன் படலம். பேசாமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே செய்யச் சொல்லியிருக்கலாமோ?

ர., ஹூஸ்டன்

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஸ்டெயின்லெஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது வீட்டு எவர்சில்வர். நல்ல எவர்சில்வரில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் இருக்கும். ராத்திரி முழுக்கப் புளிக்குழம்பு கிடந்தாலும் அசையாது. பிஸ்டலுக்கு அதிகம் எடுப்பது 416 என்ற வேறு ரகம். அதைச் சூடேற்றிக் கடினப்படுத்தலாம். குரோமியம் 12 முதல் 14 சதவீதம்தான். மெஷினில் சுலபமாக வெட்டுவதற்காகக் கந்தகமும் சேர்த்திருப்பார்கள். அந்தக் கந்தகம்தான் துரு நுழையும் வாசல். அதோடு, ஸ்டெயின்லெஸ்ஸும் ஸ்டெயின்லெஸ்ஸும் உரசினால் ஒன்றையொன்று கவ்விப் பிய்த்துக்கொள்ளும் குணமும் உண்டு. ஆகவே அதை எடுக்காததில் உங்களுக்கு நஷ்டமில்லை.

ப்ளூயிங்கைப் பூச்சு என்றே சொல்லக் கூடாது. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தொட்டியில் இரும்பை முக்கினால், அதன் மேல்தோலே மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்ஸைடாகிவிடும். ஒரு வகையில் அதுவும் துருதான், சாதுவான துரு. மிக மெல்லிசு. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. எண்ணெய் போய்விட்டால் மிச்சம் வெறும் நிறம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தூறலில் ஒரு போட்டி முடிந்து, களைப்பில் பிஸ்டலைத் துடைக்காமல் ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். மூன்றாம் நாள் திறந்தால் ஸ்லைடின் இடப்பக்கம் என் கட்டைவிரல் ரேகை, வரி வரியாக, செம்பழுப்பில். எண்ணெய் போட்டுத் தேய்த்ததில் பழுப்பு போனது. நீலமும் கூடவே போனது. ரேகை மட்டும் பள்ளமாக இன்னும் இருக்கிறது. ஸ்பாஞ்ச் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்போடு ஒட்டிக்கிடக்கும் என்பது அன்றைக்குத் தோன்றவில்லை.

உங்கள் கைக்கும் ஹூஸ்டன் புழுக்கத்துக்கும் என் ஓட்டு ஹார்ட் குரோமுக்கு. பைக் சைலன்சரில் பளபளக்கிற அலங்கார குரோம் இல்லை இது. ஹைட்ராலிக் ராடுக்குப் போடுகிற முலாம். உலோகத்தின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 70-ஐ ஒட்டிய கடினம். ஹோல்ஸ்டரில் ஆயிரம் தடவை உருவிச் செருகினாலும் லேசில் தேயாது. கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் அதிலும் உண்டு என்பதால், எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு எப்போதும் தேவை.

ஒன்று, குரோம் எதையும் மறைக்காது. கீழே அரம் பட்ட கீறல் இருந்தால் மேலேயும் அதே கீறல் வரும். பொடி மணிகளை வேகமாக வீசி மங்கலாக்கிய பரப்பின் மேல் போட்டால்தான் வெயிலில் கண் கூசாத சாம்பல் நிறம் கிடைக்கும். பிடி வழுக்காமல் இருக்கக் கைப்பிடியின் முன்பக்கம் கட்டம் கட்டமாக வெட்டிய செக்கரிங்கின் கூர்மையும் ஒரு பொட்டு மழுங்கும். என் கைக்கு அது நல்லதாகவே பட்டது.

செராகோட் அமெரிக்காவின் ஓரகன் மாநிலத்தில் ஒரு கம்பெனி தயாரிக்கும் செராமிக் கலந்த பெயின்ட். துருவை நன்றாகவே தடுக்கும். ஆனால் கனம் சுமார் 25 மைக்ரான். ஸ்லைடும் ஃப்ரேமும் உரசும் தண்டவாளத்தில் இரண்டு பக்கமும் ஏறினால் 50. உங்கள் கன்ஸ்மித் நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தும் இடைவெளியே அவ்வளவு இருக்குமா என்பது சந்தேகம். குரோம் 7, 8 மைக்ரானில் முடிந்துவிடும். அதையும் அவர் பொருத்த ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் ஸ்லைடு இறுகிவிடும். டிஎல்சி 2, 3 மைக்ரான்தான், கறுப்பும் அழகு. ஆனால் அவ்வளவு மெல்லிய படலத்தில் ஊசித்துளைகள் இருக்கும். அடியில் கார்பன் ஸ்டீல் என்றால் உப்பு வியர்வை வழி கண்டுபிடித்துவிடும்.

நீலத்தை விட மனசு வராவிட்டால் ஃப்ரேமுக்குக் குரோம், ஸ்லைடுக்கு நீலம் என்று போடுங்கள். பழைய வழக்கம்தான், பார்க்கவும் லட்சணம். கை அதிகம் படுவது ஃப்ரேமில்தானே.

அப்புறம், அவசரப்பட்டு முலாமுக்கு அனுப்பாதீர்கள். ஃபினிஷ் எதுவும் போடாத பச்சை இரும்பாகவே வாங்கி, எண்ணெய் போட்டு வைத்துக்கொண்டு, ஒரு ஐந்நூறு ரவுண்டாவது சுடுங்கள். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரைத் திருத்தவோ எங்காவது அரம் போடவோ வேண்டியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். முலாம் போட்ட பிறகு அரத்தைத் தொட்டால் எல்லாம் பாழ்.

முலாம் பட்டறையில் இரண்டு விஷயம் கேளுங்கள். அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் இரும்புக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்க வைக்கும். அதை வெளியேற்றச் சுமார் 190 டிகிரியில் சில மணி நேரம் சுடவைப்பார்களா? ஸ்பிரிங்குகளைக் கழற்றித் தனியாக வைத்துவிடுவார்களா? இரண்டாவதற்கு யோசித்துப் பதில் சொன்னால் வேறு பட்டறை பாருங்கள்.